விளக்கெண்ணெயும் காத்தானின் கால்விரலும்

டேம்பர் தொழிற்சாலையின் பரிசோதனை மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

உங்கள் சூப்பர்வைசர் என்னை எழுதச் சொன்னபோது, "எண்ணெயோட தடிப்பு மாறினா டேம்பரோட முறுக்கு விசை எப்படி மாறும்னு புதுப் பிள்ளைங்களுக்குப் புரியுற மாதிரி எழுதுங்க சார்" என்றார். அதற்கு உங்களிடம் வரைபடம் இருக்கிறது. சூடு ஏற ஏறச் சரிந்து இறங்கும் ஒரு கோடு. அதை நீங்கள் என்னைவிட நன்றாகவே வாசிப்பீர்கள். நான் அலோர் ஸ்டாரில் பஸ் கம்பெனிப் பட்டறையில் முப்பது வருஷம் வேலை பார்த்தேன். பிறகு நீங்கள் இப்போது நிற்கிற அதே மேசையில் ஆறு வருஷம் நின்றேன். ஆனால் அந்தக் கோட்டை நான் படித்தது இந்த இரண்டு இடத்திலும் இல்லை. மலாயாவை ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில், பாலிங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், ஒரு பழைய வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துத்தான் படித்தேன்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. தோட்டத்து ஸ்டோரில் பிட்டர் வேலை, இயந்திரங்களைப் பழுது பார்ப்பது. மேனேஜராக இருந்த வெள்ளைக்காரர் ஊரைவிட்டு ஓடியபோது தன் பெரிய காரை விட்டுவிட்டுப் போயிருந்தார். அதன் பின்பக்கத்தை அறுத்து, பலகை அடித்து, தகரக் கூரை போட்டு வேனாக்கியிருந்தோம். பெட்ரோல் ஏது? பின்னால் கரி உலை ஒன்று பூட்டி, கரிப்புகையில் ஓடும் வண்டி. தோட்டத்து மரவள்ளிக்கிழங்கும் அதில்தான் போகும், நோயாளியும் அதில்தான் போவார். ஓட்டுபவர் பாக் மாட். மலாய்க்காரர், நாற்பது வயதிருக்கும், தோட்டத்திலேயே வளர்ந்ததால் நம்மைப் போலவே தமிழ் பேசுவார்.

தோட்டத்து ஆஸ்பத்திரியை ஒரு பெண் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கணவர்தான் முறையான டிரெசர், காயத்துக்கும் காய்ச்சலுக்கும் மருந்து பார்க்கிறவர். ஜப்பான்காரர்கள் சயாமில் போட்ட ரயில் பாதைக்கு ஆள் பிடித்தபோது, கூலிகளோடு ஒரு டிரெசரும் வேண்டும் என்று அவரையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கணவருக்குப் பக்கத்தில் நின்று காயம் துடைத்து, கட்டுப் போட்டுப் பழகியிருந்த அந்த அம்மா, யாரும் சொல்லாமலே மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். டிரெசரம்மா என்று எல்லாரும் கூப்பிட்டோம். அவர் பேரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் அவருக்குப் பிடிக்காது. என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர்தான். இருந்தாலும் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

அந்தக் காரின் டேம்பரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். இப்போது நீங்கள் செய்வது காரின் கூரைக் கைப்பிடி படீரென்று திரும்பாமல் மெல்ல மடங்கச் செய்யும், அதற்குள்ளேயே அடங்கும் சின்னப் பொருள். அது இரண்டு கையால் தூக்கவேண்டிய இரும்புக் குடுவை. பள்ளத்தில் வண்டி ஆடும் ஆட்டத்தை அடக்குவது அது; பட்டறையில் அப்சோபர் என்போம். ஆனால் உள்ளே நடப்பது ஒன்றுதான். குடுவைக்குள் எண்ணெய், எண்ணெய்க்குள் ஓர் இரும்பு இறக்கை. இறக்கையின் தண்டிலிருந்து வெளியே நீளும் கை, சக்கர அச்சோடு இணைந்திருக்கும். சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது கை ஆடும், இறக்கை எண்ணெயைத் தள்ளும். எண்ணெய்க்கு மறுபக்கம் போக ஒரு சின்ன இடுக்குதான் வழி. தடித்த எண்ணெய் போக மாட்டேன் என்று நிற்கும். அப்போது அந்தக் கையைத் திருப்ப நல்ல பலம் வேண்டும். இளகிய எண்ணெய் விழுந்தடித்து ஓடிவிடும்; கை லொடலொடவென்று ஆடும், வண்டி தூக்கிப்போடும்.

பின்பக்கத்து வலது டேம்பர் எண்ணெயை ஒழுகவிட்டுக் காய்ந்து கிடந்தது. இடது மட்டும் கார் வந்த நாள் எண்ணெயோடு நன்றாக இருந்தது. வலதுக்கு ஊற்ற எண்ணெய் கிடையாது. மழை பெய்து ஓய்ந்த ஒரு விடியற்காலையில் எனக்கு ஒரு யோசனை வந்தது. தேங்காயெண்ணெய்.

பாலிங் பக்கம் மலையடிவாரம். மழைக்குப் பிறகு விடியற்காலையில் நல்ல குளிர். போத்தலில் தேங்காயெண்ணெய் பாதி உறைந்து, கூழ் மாதிரி இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி நிரப்பி, கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். கனமாகத் திரும்பியது. ஆஹா, இடது டேம்பர் மாதிரியே இருக்கிறதே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. பாக் மாட்டைக் கூப்பிட்டு, "சரியாப் போச்சு, இனிமே யாரை வேணும்னாலும் ஏத்துங்க" என்றேன்.

அன்றைக்கே ஏற்றவேண்டி வந்தது. கன்னியம்மா என்று ஒரு பால் மரம் வெட்டுகிற பெண், ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறவர். சாய்ந்து கிடந்த மரம் ஒன்று உருண்டு தொடை எலும்பை முறித்துவிட்டது. டிரெசரம்மா பலகை வைத்துக் கட்டி, சுங்கைப்பட்டாணி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். கிளம்பும்போது பத்து மணிக்கு மேல் ஆகிவிட்டது. டிரெசரம்மா பின்னால் நோயாளியோடு ஏறினார், நான் முன்னால் பாக் மாட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

வெயில் ஏறியது. ரோடு மோசம். தேங்காயெண்ணெய் தண்ணீராகிவிட்டது என்று எனக்கு அப்போது தெரியாது. பின்னாலிருந்து கன்னியம்மா அலறும் சத்தம் மட்டும் கேட்டது. எலும்பு முறிந்தவர் அலறத்தானே செய்வார் என்று நினைத்தேன். பாதி வழியில் அந்தச் சத்தமும் நின்றுவிட்டது. மயங்கிவிட்டார். ஆஸ்பத்திரியில் இறக்கியபோது கட்டுக்கு மேலே ரத்தம். உள்ளே முறிந்திருந்த எலும்பு வழியில் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் கால் சேர மாதக்கணக்கானது, அதுவும் கட்டையாகத்தான் சேர்ந்தது.

டிரெசரம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. வண்டி தோட்டத்துக்குத் திரும்பிய பிறகு, "அண்ணே, பின்னாடி வந்து படுங்க" என்றார்.

"எதுக்கு?"

"படுங்க, சொல்றேன்."

கன்னியம்மா படுத்திருந்த அதே பலகையில் என்னைப் படுக்கவைத்தார். தொடையோடு ஒரு பலகையைச் சேர்த்துக் கட்டினார். பிறகு பாக் மாட்டிடம், "பாலம் வரைக்கும் போய்ட்டு வாங்க" என்றார்.

போக ஒரு மைல், வர ஒரு மைல். எனக்கு எலும்பு முறியவில்லை, காயம் இல்லை. இருந்தும் பாலத்துக்குப் போவதற்குள் பல்லைக் கடித்துக்கொண்டேன். வலது பக்கம் சுளகில் புடைக்கிற அரிசி மாதிரி என்னைத் தூக்கித் தூக்கிப் போட்டது. இடது பக்கம் அழுத்தமாக இருந்தது. அதனால் ஒவ்வொரு பள்ளத்திலும் பலகை ஒருபக்கமாகச் சாய்ந்து, உடம்பை முறுக்கி எடுத்தது. முன் சீட்டில் உட்கார்ந்தவனுக்கு இது எதுவுமே தெரிந்திருக்கவில்லை.

இறங்கியபோது என் முகத்தை அவர் பார்த்தார். "நோயாளி எங்க படுக்கிறாங்களோ அங்க படுத்துதான் சோதிக்கணும் அண்ணே. நான்கூட ஊசியை முதல்ல என் கையிலதான் குத்திப் பழகுனேன்" என்றார். அவ்வளவுதான். உள்ளே போய்விட்டார்.

தம்பி தங்கைகளே, நான் செய்த பிழை தேங்காயெண்ணெய் ஊற்றியது அல்ல. விடியற்காலைக் குளிரில் சோதித்துவிட்டு, நடுப்பகலுக்கும் சேர்த்து வாக்குக் கொடுத்ததுதான் பிழை. எண்ணெய் காலையில் ஒன்று சொல்லும், மதியம் வேறு சொல்லும். நம் மேசையில் குளிர்பெட்டியும் சூட்டுப்பெட்டியும் ஏன் வைத்திருக்கிறார்கள் என்று யாராவது அலுத்துக்கொண்டால், எனக்குக் கன்னியம்மாவின் சத்தம்தான் காதில் விழும்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய் நின்றேன். விளக்கெண்ணெய் கேட்டேன். குழந்தைகளுக்குப் பூச்சிக்கும் வயிற்றுக்கும் அதுதான் மருந்து, கடையில் கிடைக்காத காலம். டிரெசரம்மாவிடம் ஒன்றரைப் போத்தல் இருந்தது. ஒரு போத்தலைக் கொடுத்தார். இரண்டு டேம்பரையும் கழற்றி, பக்கத்தில் பக்கத்தில் பூட்டி, கையின் நுனியில் ரப்பர் ஷீட் நிறுக்கும் எடைக்கல்லைத் தொங்கவிட்டு, கீழே இறங்க எவ்வளவு நேரமாகிறது என்று எண்ணினேன். குளிரில் எண்ணினேன், வெயிலில் வைத்து எண்ணினேன். இரண்டும் ஏறக்குறைய சேர்ந்தே இறங்கின. பிறகு வண்டியில் பூட்டி, பின்னால் படுத்து, நடுப்பகலில் பாலம் வரைக்கும் போய் வந்தேன். அதன் பிறகுதான் சரி என்று சொன்னேன்.

ஐந்தாறு மாதம் அது நன்றாக ஓடியது. இனி காத்தானைப் பற்றிச் சொல்கிறேன்.

காத்தான் கள் இறக்குகிறவர். தோட்டத்துத் தென்னைகளில் அணில் மாதிரி ஏறுவார். வாய் ஓயாது. மரத்து மேலிருந்தே கீழே போகிறவர்களையெல்லாம் வம்புக்கு இழுப்பார். அவர் மனைவி அஞ்சலை அதற்கு நேர்மாறு, கேட்டால்தான் பேசுவாள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

ஒருநாள் விடியற்காலை, மரம் ஈரம். காத்தான் வழுக்கி, முதுகு அடிபட விழுந்தார். நாலைந்து பேர் ஓடிப்போய்த் தூக்கப் பார்த்திருக்கிறார்கள். டிரெசரம்மா தூரத்திலிருந்தே கத்திக்கொண்டு ஓடிவந்தார். அந்த அம்மா குரலை உயர்த்தி நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான்.

"யாரும் தொடாதீங்க! தலையை அசைக்காதீங்க!"

மண்டியிட்டு உட்கார்ந்து, காத்தானின் காலை ஊசியால் தொட்டுத் தொட்டுக் கேட்டார். "தெரியுதா?" "தெரியுது." "இங்க?" "தெரியுது அம்மா, குத்தாதீங்க." கால்விரலை ஆட்டச் சொன்னார். இரண்டு பெருவிரலும் ஆடின.

என் பக்கம் திரும்பித் தணிந்த குரலில் சொன்னார். "முதுகெலும்பு விட்டிருக்கு அண்ணே. உள்ளே நரம்பு இன்னும் அறுபடல. ஒரு தடவை தூக்கிப் போட்டா போதும், இடுப்புக்குக் கீழே போயிடும். பெரிய ஆஸ்பத்திரியிலதான் பார்க்கணும். வண்டி எப்படி இருக்கு?"

முப்பது மைலுக்கு மேல் ரோடு. நான் ஓடிப்போய் வண்டிக்கு அடியில் படுத்தேன். வலது டேம்பரின் தோல் வாஷர் காய்ந்து, எண்ணெய் பாதிக்கு மேல் ஒழுகியிருந்தது. கையைத் திருப்பினால் பாதி தூரம் பிடிக்கும், பாதி தூரம் வெறுமனே விழும். முந்தின நாள் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

தோட்டத்தை மேற்பார்த்த ஜப்பான் அதிகாரியிடம் தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிராணி போய்க் கெஞ்சினார். பொழுது சாய்வதற்குள் வண்டி திரும்பி வந்து நிற்க வேண்டும், இல்லாவிட்டால் நடப்பது வேறு என்று அதிகாரி சொல்லி அனுப்பினார். பாக் மாட் கரியைப் பற்றவைக்க ஆரம்பித்தார்.

டிரெசரம்மா சிக்கனமாகச் சேர்த்து வைத்திருந்த அரைப் போத்தல் விளக்கெண்ணெயைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் அதற்கு மேல் ஒரு சொட்டு கிடையாது. எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

புது வாஷர் ஒன்றைப் பழைய செருப்புத் தோலில் வெட்டிப் போட்டேன். ஆனால் அரைப் போத்தல் வலது டேம்பருக்குப் போதாது. தேங்காயெண்ணெய் சேர்த்து நிரப்பலாம். அப்படிச் செய்தால் வலது இளகியும் இடது இறுக்கமாகவும் இருக்கும். பாலம் வரைக்கும் போய்வந்த அந்தப் பயணம் என் உடம்பில் இன்னும் இருந்தது. ஒருபக்கம் பிடித்து மறுபக்கம் விட்டால் பலகை முறுக்கும். முதுகெலும்பு விட்டவனுக்கு முறுக்கு ஆகவே ஆகாது.

இன்னொரு வழி இருந்தது. நன்றாக இருக்கும் இடது டேம்பரையும் திறந்து, அதன் எண்ணெயையும் இறக்கி, எல்லாவற்றையும் தேங்காயெண்ணெயோடு ஒன்றாகக் கலந்து, இரண்டுக்கும் சமமாக ஊற்றுவது. இரண்டும் பலவீனமாகும். ஆனால் இரண்டும் ஒன்றாகவே ஆடும். தோட்டத்தில் உருப்படியாக இருந்தது அந்த ஒரு டேம்பர்தான். அதையும் கெடுத்துவிட்டு, கலவை சேராமல் பிரிந்துபோனால்?

இடது டேம்பரிலிருந்து கொஞ்சம் எடுத்து மோந்து பார்த்தேன். பழசானாலும், கார் கம்பெனிக்காரன் ஊற்றியதும் விளக்கெண்ணெய் வாசனைதான். மருந்துப் போத்தல் ஒன்றில் மூன்றையும் விட்டுக் குலுக்கி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தேன். அஞ்சலை வண்டிக்குப் பக்கத்தில் நின்று அந்தப் போத்தலையே பார்த்தாள். அது என்ன என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் தன் புருஷனுக்கு வேண்டியது அதற்குள்தான் இருக்கிறது என்று தெரிந்திருந்தது. கரி பற்றிக்கொள்ளும் வரை காத்திருந்தேன். எண்ணெய் பிரியவில்லை.

"ரெண்டையும் தொறக்குறேன்" என்று டிரெசரம்மாவிடம் சொன்னேன்.

"செய்ங்க" என்றார். ஏன் என்று கேட்கவில்லை.

பூட்டி முடித்து எடைக்கல்லைத் தொங்கவிட்டேன். இரண்டு கையும் ஒன்றாக இறங்கின. ஆனால் முன்பைவிட வேகமாக இறங்கின. அப்போது காலை எட்டு மணி, இன்னும் குளிர் விடவில்லை. வெயில் ஏறினால் இதுவும் போய்விடும்.

"இப்பவே கிளம்பினா பாதி வழி தாங்கும். வெயில் வந்தா எண்ணெய் இளகிடும், அப்புறம் புடிக்காது" என்றேன்.

டிரெசரம்மா குனிந்து டேம்பரைத் தொட்டுப் பார்த்தார். "காய்ச்சல் ஏறுனா ஈரத்துணி போடுறோம்ல அண்ணே? எண்ணெய்க்கும் போட்டா என்ன?"

நான் அவரைப் பார்த்தேன். பிட்டர் நான்தான். இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். இரண்டு சாக்குகளை நனைத்து, இரண்டு டேம்பர்களையும் சுற்றிக் கம்பியால் கட்டினேன். இரண்டு மண்ணெண்ணெய்த் தகரத்தில் தண்ணீர் ஏற்றினேன். வழியில் ஆறும் வாய்க்காலும் எத்தனை இருக்கிறது என்று பாக் மாட்டுக்கு மனப்பாடம்.

காத்தானைக் கதவுப் பலகை ஒன்றோடு சேர்த்துக் கட்டி, இரண்டு பக்கமும் மணல் பை வைத்து ஏற்றினார்கள். நான் இந்த முறை முன்னால் உட்காரவில்லை. பின்னால், பலகைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். டிரெசரம்மா தலைமாட்டில். அஞ்சலை கால்மாட்டில் உட்கார்ந்து, புருஷனின் இரண்டு பெருவிரலையும் இரண்டு கையால் பிடித்துக்கொண்டாள். அவள் செய்யவேண்டியது ஒன்றுதான் என்று டிரெசரம்மா சொல்லியிருந்தார். விரல் ஆடுகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

"பெலான் பெலான்லா பாக் மாட், மெதுவா" என்றேன்.

"தெரியும்லா" என்றார்.

சைக்கிள்காரன் முந்திக்கொண்டு போகலாம், அவ்வளவு மெதுவாகத்தான் வண்டி போனது. ஒவ்வொரு பள்ளம் தாண்டியதும் டிரெசரம்மா, "காத்தான், ஆட்டு" என்பார். அஞ்சலை, "ஆடுது" என்பாள். நான் மூச்சு விடுவேன். பார்க்கிற ஓடையிலெல்லாம் நிறுத்தி, சாக்கில் தண்ணீர் ஊற்றி, அடியில் படுத்துத் தொட்டுப் பார்ப்பேன். இரும்பு சில்லென்று இருக்கும். திரும்ப ஏறுவேன். காத்தான் வலியோடு வலியாக, "பிட்டர் அண்ணே, எனக்கு ஒரு வாய் தண்ணி கொடுக்கல, அந்த இரும்புக்கு இத்தனை உபசாரமா?" என்றார். அஞ்சலைகூடச் சிரித்துவிட்டாள்.

முக்கால் வழிக்கு மேல் வந்த பிறகு ஒரு சோதனைச் சாவடி. இரண்டு சிப்பாய்கள். எல்லாரும் இறங்கிக் குனிந்து வணங்கினோம். ஒருவன் வண்டிக்குள் ஏறிப் பார்த்துவிட்டு, பலகையைத் தூக்கு என்று சைகை காட்டினான். அடியில் அரிசி கடத்துகிறோம் என்று சந்தேகம். தூக்க ஆரம்பித்தால் எல்லாம் முடிந்தது.

டிரெசரம்மா திரும்பவும் குனிந்து, தனக்குத் தெரிந்த ஒரே ஜப்பான் சொல்லைச் சொன்னார். "பியோக்கி. பியோக்கி." நோய் என்று அர்த்தம். அவன் கேட்கவில்லை. துப்பாக்கிக் கட்டையால் பலகையின் ஓரத்தைத் தட்டினான். அப்போது அந்த அம்மா நிமிர்ந்து, தானே வண்டிக்குள் ஏறி, பலகைக்கும் அவனுக்கும் நடுவில் உட்கார்ந்தார். எதிர்த்துப் பேசவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார். அவன் ஏதோ கத்தினான். அவர் மெல்ல மணல் பை ஒன்றின் முடிச்சை அவிழ்த்து, ஒரு பிடி மணலை எடுத்து அவன் முன்னால் காட்டினார். அடுத்த பையையும் அவிழ்த்துக் காட்டினார். அவன் பார்த்துக்கொண்டே நின்றான். கடைசியில் வெளியே குதித்து, கூட இருந்தவனிடம் ஏதோ சொல்லிவிட்டு, எங்களை ஓரமாக நிற்கச் சொன்னான். மேலாள் வரவேண்டுமாம். வெட்ட வெளி. மரம் கிடையாது. அரை மணி நேரத்துக்கு மேல் வெயிலில் நின்றோம். சாக்கு காய்ந்து விறைத்தது. தகரத்துத் தண்ணீரை எடுக்கப் போனேன். நகரக்கூடாது என்று துப்பாக்கியைக் காட்டினான்.

மேலாள் வரவேயில்லை. போ என்று விட்டார்கள்.

விட்டதே போதும் என்று கிளம்பினோம். சாவடி கண்ணை விட்டு மறைந்ததும் நிறுத்தித் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் ஒரு பள்ளம். வண்டி ஒருமுறை ஆடி நிற்காமல் மூன்று முறை, நான்கு முறை ஆடியது. எண்ணெய் இளகிவிட்டது.

"காத்தான், ஆட்டு" என்றார் டிரெசரம்மா.

அஞ்சலை அந்த விரல்களை மாற்றி மாற்றித் தடவினாள்.

"அஞ்சல?"

"ஆடல" என்றாள். "அம்மா, ஆடல. வலது கால் ஆடல."

பாக் மாட் முன்னாலிருந்து கத்தினார். "ஆஸ்பத்திரி இன்னும் அஞ்சு மைல்தான். வேகமாப் போய்டவா?"

டிரெசரம்மா என்னைப் பார்த்தார். "அண்ணே, நீங்க சொல்லுங்க."

உள்ளே ஓடு ஓடு என்று ஒரு குரல். வேகமாகப் போனால் பத்து நிமிஷம். ஆனால் இப்போது இந்த எண்ணெயில், அந்த ஐந்து மைலில் எத்தனை பள்ளம்? நிறுத்தினால் குளிர அரை மணி. அந்த அரை மணியில் அந்தக் கால் போய்விட்டால் அதுவும் நான் சொன்னதால்தான்.

"நிறுத்துங்க" என்றேன். "எண்ணெய் குளிரட்டும்."

பக்கத்தில் வயல் வாய்க்கால். பாக் மாட்டும் நானும் மாறி மாறித் தகரத்தில் மொண்டு ஊற்றினோம். டிரெசரம்மா உள்ளே கட்டுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். வலது முழங்காலுக்குக் கீழே போட்டிருந்த கட்டு, வீக்கத்தில் இறுகிப் போயிருந்தது. அதைத் தளர்த்தினார். சாவடியில் சரிந்திருந்த மணல் பையை நேராக்கினார். அஞ்சலை அந்த விரலை விடவில்லை. நான் அவள் முகத்தைப் பார்க்காமல் வண்டியின் பின்பக்கத்தை மெல்ல அமுக்கிவிட்டு, எத்தனை முறை ஆடி நிற்கிறது என்று எண்ணினேன். மூன்று. ஊற்றினேன். மூன்று. ஊற்றினேன். இரண்டு. ஒன்று.

"ஆடுது" என்றாள் அஞ்சலை. சத்தமே வரவில்லை, உதடுதான் அசைந்தது. பிறகு அழுதாள்.

அது கட்டு இறுகியதால் நின்றதா, வண்டி ஆடியதால் நின்றதா? எனக்கு இன்றுவரை தெரியாது. அப்போது நிறுத்தியதும் சரிதானா என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. வேகமாகப் போயிருந்தாலும் காத்தான் பிழைத்திருக்கலாம். உங்களுக்கும் இப்படி ஒரு நேரம் வரும். மேசையில் ஒரு பக்கம் அவசரம், இன்னொரு பக்கம் நீங்கள் தொட்டு, எண்ணி, தெரிந்துகொண்ட ஒரு விஷயம். நான் எண்ணியதை நம்பினேன். அதற்கு மேல் எனக்கு விளக்கம் கிடையாது.

மதியத்துக்குப் பிறகு ஆஸ்பத்திரி சேர்ந்தோம். பலகையோடு காத்தானை உள்ளே கொண்டுபோனார்கள். மூன்று மாதத்துக்கு மேல் அங்கே கிடந்தார். பிறகு கோல் ஊன்றி நடந்தார். மரம் ஏறுவது அதோடு முடிந்தது. ஜப்பான் சண்டை முடிந்த பிறகு அஞ்சலையும் அவருமாக பாலிங் டவுனில் ஒரு வெற்றிலைக் கடை போட்டு, போகிறவர் வருகிறவரையெல்லாம் வம்புக்கு இழுத்துக்கொண்டு, மூன்று பிள்ளைகள் பெற்று வாழ்ந்தார்கள். டிரெசரம்மாவின் கணவர் சயாமிலிருந்து திரும்பவில்லை. அவர் எங்கே, எப்படிப் போனார் என்று சொல்ல ஒரு ஆளும் வரவில்லை.

அன்றைக்குத் திரும்பி வரும்போது அஞ்சலை ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டாள். வண்டியில் நாங்கள் மூன்று பேர்தான். டிரெசரம்மா பின்னால், வெறும் தரையில், தகரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து அவர் ஒரு வாய் சாப்பிடவில்லை. வழியில் பாக் மாட்டின் கம்பம், மலாய்க்காரர்கள் குடியிருக்கும் ஊர். அவர் மனைவி வாழை இலையில் அவித்த கிழங்கு கொண்டுவந்து கொடுத்தார். டிரெசரம்மா ஒரு துண்டை வாயில் வைத்தார். அப்படியே வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

அழுகைக்கு நடுவில் சொன்னார். "அவருக்கு அங்க ஏதாச்சும் ஆகியிருந்தா, யாராச்சும் இப்படி மெதுவா ஏத்திக்கிட்டு வருவாங்களா அண்ணே?"

அழுதுகொண்டே அவர் அந்தப் பலகைத் தரையில் ஒருக்களித்துப் படுத்து, கண்ணை மூடிக்கொண்டார்.

பாக் மாட் திரும்பிப் பார்த்தார். பொழுது சாயத் தொடங்கியிருந்தது. அதிகாரி சொன்ன நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. வண்டி காலி, நோயாளி யாரும் இல்லை, வேகமாகப் போயிருந்தால் சரியாகப் போய்ச் சேர்ந்திருக்கலாம். மெதுவாகப் போங்கள் என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. காலையில் காத்தானை ஏற்றிக்கொண்டு எப்படி ஓட்டினாரோ அதே மாதிரி, ஒவ்வொரு பள்ளத்துக்கும் நின்று, இறங்கி, ஏறி, அந்த அம்மாவை எழுப்பாமல் தோட்டம் வரைக்கும் ஓட்டிக்கொண்டு வந்தார்.

தோட்டத்து வாசலில் அதிகாரி காத்துக்கொண்டு நின்றார். பாக் மாட் இறங்கிப் போய் அவர் முன்னால் நின்றார். கன்னத்தில் இரண்டு அறை விழுந்தது. பிறகு பாக் மாட் திரும்பி வந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, வண்டியின் பின்கதவைச் சத்தமில்லாமல் திறந்தார்.